புதனைக் கூப்பிட்டவள்

முனைக்காயல் துறைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. எல்லா வாரமும் வருகிற மாதிரிதான் வந்தது. விருந்துக்கு வந்தவன் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்துப் படுத்துக்கொண்ட கதையாக, அது போகவே இல்லை.

தொடங்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் ஒரு துறைநாயகம் வருவான். பாண்டிய ராஜாவின் ஆளாக அந்தத் துறைமுகத்தில் உட்கார்ந்து, சுங்கமும் தீர்ப்பும் தண்டனையும் தன் கையிலேயே வைத்திருந்தவன். அவன் பேரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே தெரியும்.

துறைக்கு வடக்கே அஞ்சுவண்ணத் தெரு. யூத ஜனங்கள் குடியிருந்த தெரு. எந்தக் காலத்தில் எந்தக் காற்றில் கப்பலேறி வந்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். தமிழில் சண்டை போட்டு, தமிழில் கனவு கண்டு, கடவுளிடம் மட்டும் எபிரேயத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள். தெருக்கோடியில் அவர்களுடைய ஜெபப்பள்ளி. காலை ஜெபம் முடிகிற நேரம் அசரியா எழுந்து நிற்பார். லேவி குலம், பிழைப்புக்குத் துறையில் கப்பல் வடம் திரிக்கிறவர், கை இரண்டும் காய்த்துக் கிடக்கும், குரல் மட்டும் நெய் ஊற்றின மாதிரி இருக்கும். இன்றைக்கு வாரத்தின் இன்ன நாள், இந்த நாளில் ஆலயத்தில் லேவியர் பாடின பாட்டு இது என்று முதலில் நாளைச் சொல்லி, அதன் பிறகு அந்த நாளுக்குரிய சங்கீதத்தை, வேதத்திலுள்ள பாட்டை, எடுப்பார். எருசலேமில் ஆலயம் இருந்த காலத்தில் அவருடைய முப்பாட்டன்மார் மேடையில் நின்று அப்படித்தான் ஞாயிற்றுக்கு ஒன்று, திங்களுக்கு ஒன்று என்று பாடினார்களாம். ஆலயத்தை எரித்துவிட்டார்கள். பலி போச்சு, தூபம் போச்சு, மேடையும் போச்சு. பாட்டு மட்டும் தீக்கு அகப்படாமல் வாய் வழியாகத் தப்பி இந்தக் கடற்கரை வரைக்கும் வந்துவிட்டது.

அந்தப் பாட்டினால்தான் முனைக்காயலில் கிழமை மாறுகிறது என்பது ஒருத்தருக்கும் தெரியாது, பாடுகிற அசரியாவுக்கே தெரியாது. நிறுத்திப் பார்த்தால்தானே தெரியும்!

பெண்கள் நிற்கிற பக்கம் மரத்தட்டிக்கு அந்தப்புறம். அங்கே எபிரேயம் புரியாத பெண்களுக்காக, பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் தமிழில் பொருள் சொல்லுகிறவள் சிப்போராள். கைம்பெண், காடியில் ஊறப்போட்ட மீனைச் சந்தையில் விற்றுப் பிழைக்கிறவள், அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பினவன் அந்தத் துறையில் கிடையாது. அவளுக்கும் அசரியாவுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தது. கன்னிப்பெண்ணுக்குப் புதன்கிழமை, கைம்பெண்ணுக்கு வியாழக்கிழமை என்பது அவர்கள் வழக்கம். ஆக, கல்யாணத்துக்கு ஒரு வியாழக்கிழமை குறித்திருந்தது.

அதற்குள் வந்தது வினை. பரவர் குடியிருப்பில் வலம்புரி என்று ஒரு பெண், வயிற்றுப்பிள்ளைக்காரி. புருஷன் முத்துக் குளிக்கக் கடலில் இறங்கினவன் ஏறவில்லை. கண்ணீர் காய்வதற்குள் துறைநாயகத்தின் ஆட்கள் வந்து அவன் வள்ளத்தை இழுத்துக்கொண்டு போனார்கள். ஆண்துணை இல்லாத வள்ளம் துறைக்குச் சொந்தம் என்று தீர்ப்பு. இதென்ன நியாயம் என்று கேட்ட பெண்ணைப் பார்த்து, வயிற்றில் இருக்கிறது ஆண்பிள்ளையானால் வளர்ந்து வந்து கேட்கட்டும் என்று சொல்லிச் சிரித்தானாம், பாவி.

அடுத்து வந்த புதன்கிழமை அசரியா அந்த நாளுக்குரிய சங்கீதத்தை எடுத்தார். அது என்றைக்கும் உள்ள பாட்டுதான், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் சிப்போராள் அன்றைக்குப் பொருள் சொன்ன விதம் வேறு. பெண்கள் பக்கத்து ஜன்னல் மீன்சந்தையைப் பார்த்து இருக்கும்; அவள் குரலுக்கோ ஜன்னல் ஒரு சாக்குதான். "பழி வாங்குற கடவுளே, வெளியே வாரும்! கைம்பெண்ணைக் கொல்லுறான், அந்நியனைக் கொல்லுறான், அநாதைப் பிள்ளையைக் கொல்லுறான், கேட்டா எவன் பாக்கப் போறான்ங்கான். ஏலேய் மடப்பயலே, காதை வச்சுப் படைச்சவனுக்குக் காது கேக்காதா? கண்ணை வச்சவனுக்குக் கண்ணு தெரியாதா?" என்று அவள் சொல்லச் சொல்ல, சந்தையில் மீன் அரிந்துகொண்டிருந்த பெண்கள் கத்தியை வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். யாரைச் சொல்லுகிறாள் என்று எவளும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகணும், பூனைக்கும் தெரியும்.

துறைநாயகத்தின் காதுக்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜெபப்பள்ளி மூப்பர் ஏலியாக்கீமையும் அசரியாவையும் சுங்கச் சாவடிக்குக் கூப்பிட்டான். அஞ்சுவண்ணத் தெருவின் ஆண்பிள்ளை எவனும் இனிமேல் புதன்கிழமைப் பாட்டைப் பாடக்கூடாது என்றான். மூப்பர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கு முதுகெலும்பு கொஞ்சம் வளைந்துகொடுக்கும். "ஆகட்டும் நாயகமே, கடவுளுக்கு எல்லாப் பாட்டும் ஒண்ணுதான்" என்று கும்பிட்டார். அசரியா கும்பிடவில்லை.

"ஆலயத்தைக் கொளுத்தினவனாலேயே இந்தப் பாட்டை நிறுத்த முடியலை. நீரு சுங்கம் வாங்குறவரு, சுங்கத்தை வாங்கும்" என்றார்.

பாடுகிற நாக்கை வியாழக்கிழமை காலையில் சாவடி வாசலில் வைத்து அறுப்பது என்று அப்போதே தண்டனை சொல்லி, அவரை உப்புக் கொட்டடியில் தள்ளிப் பூட்டினார்கள். வியாழக்கிழமை அவருக்குக் கல்யாணம் என்பது தெரிந்துதான் அந்த நாளைக் குறித்தான்.

மறுநாள் காலை ஜெபப்பள்ளியில் யாரும் எழுந்து நாளைச் சொல்லவில்லை. மூப்பர் ஜெபத்தை முடித்து, ஏட்டை மூடி, தொண்டையைக் கனைத்தார். ஆண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் கலைந்து போனார்கள். சிப்போராள் தூங்காத கண்ணோடு, அப்பத்தைத் துணியில் முடிந்துகொண்டு கொட்டடிக்கு நடந்தாள். வழியில் அம்மன் கோயிலுக்குக் கூழ்ப்பானையும் வேப்பிலையுமாகப் பெண்கள் கூட்டம்.

"என்னடி, இன்னைக்கும் கூட்டம்?"

"செவ்வாய்க்கிழமையில்லா, அக்கா."

"நேத்துல்லா செவ்வாய்க்கிழமை?"

"நேத்தும் செவ்வாய்தான்" என்றாள் அந்தப் பெண். சொன்ன பிறகு கொஞ்சம் நின்று யோசித்தாள், பிறகு பானையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

சிப்போராள் அப்படியே நின்றுவிட்டாள். மேலே பார்த்தாள், நேற்றுப் பார்த்த அதே பிறை, அதே பனைமரத்துக்கு மேலே வெளுத்துப்போய் நின்றது. நாவிதன் கடையைத் திறக்காமல் வாசலில் குந்தியிருந்தான், செவ்வாயில் எவன் முடி வெட்டுவான்? அவளுக்கு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. நாளைச் சொல்லவில்லை, அதனால் நாள் வரவில்லை. புதன் வராமல் வியாழன் எங்கிருந்து வரும்? வியாழன் வராமல் எவன் வந்து எந்த நாக்கை அறுப்பான்? கொட்டடிச் சுவரோரம் உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பில் காவல்காரன் பயந்து எழுந்துவிட்டான்.

கொட்டடியில் காற்றுக்கென்று ஒரு கை நுழைகிற ஓட்டை உண்டு. அதில் வாயை வைத்து, புதன் வராத கதையைச் சொல்லிவிட்டுச் சொன்னாள்: "இங்க பாரும். புதன்கிழமைப் பாட்டை உள்ளே இருந்துகிட்டு எடுத்துத் தொலைச்சிராதேயும். வாயை மூடிக்கிட்டு இரும்."

"விடிஞ்சதும் பாடியாச்சு. தனியாளு பாடி நாளு வராது, புள்ள. ஊரு கூடி நின்னு ஏத்துப் பாடினாத்தான் வரும்."

"எதுக்கும் மூடிக்கிட்டே இரும்."

"கல்யாணத்துக்கு முன்னாடியேவா?" என்றார் அசரியா.

இப்படியாக முனைக்காயல் செவ்வாயிலேயே குடியிருக்கப் பழகியது. பொழுது விடிந்தது, சாய்ந்தது, ஜனங்கள் தின்றார்கள், தூங்கினார்கள், விழித்தால் செவ்வாய். எத்தனை செவ்வாய் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது; எண்ணினால் ஒன்றுதானே வரும்? அம்மன் கோயில் பூசாரிக்கு முதலில் ஒரே கொண்டாட்டம், தினமும் கூழ், தினமும் கூட்டம். போகப்போகக் கோயில் வேப்பமரம் மொட்டையாகி, அவருக்குக் கூழைக் கண்டாலே குமட்டியது. நாவிதன் கத்தி துருப்பிடித்தது. தாடி வளர்ந்து வளர்ந்து ஊரிலுள்ள ஆண்கள் எல்லாரும் அஞ்சுவண்ணத் தெருக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஒரு குயவன் பெண்சாதி இருட்டோடு தண்ணீருக்குப் போய்த் திரும்பி, வாசலில் நின்ற சொந்தப் புருஷனை விளக்குமாற்றால் அடித்துவிட்டாள். செவ்வாயில் பயணம் ஆகாது என்று கப்பல்கள் கிளம்பவில்லை. அரபு மாலுமிகள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் காத்துக் காத்து, கடைசியில் பரவர் பிள்ளைகளோடு கிளித்தட்டு விளையாட ஆரம்பித்தார்கள். எதைக் கேட்டாலும் புதன்கிழமை தருகிறேன் என்று வாய்க்கு வந்தபடி சொல்லிப் பழகின தட்டானுக்கு மட்டும் அது பொற்காலம்.

அஞ்சுவண்ணத் தெருவில் சனிக்கிழமை ஓய்வுநாள் வரவில்லை. விளக்குக்கு எண்ணெய் வார்த்து வைத்தது வார்த்தபடி இருந்தது. ஓய்வு இல்லாத உடம்பு எப்படி இருக்கும் என்று அந்தத் தெரு அப்போதுதான் கண்டது; மூப்பருக்கு முட்டி இரண்டும் வீங்கி, நடக்கும்போது முனகல் கேட்டது.

ஒன்று மட்டும் நடந்தது. செவ்வாய்க்கும் ஒரு சங்கீதம் உண்டல்லவா? அதை எவனும் தடுக்கவில்லை. அசரியா உப்பின் மேல் நின்றுகொண்டு விடிந்ததும் அதைப் பாடுவார். தெரு ஜனங்கள் கொட்டடிச் சுவருக்கு வெளியே நின்று ஏற்றுப் பாடுவார்கள். சிப்போராள் பொருள் சொல்லுவாள். நியாயாதிபதிகள் நடுவே கடவுளே வந்து நின்று கேள்வி கேட்கிற பாட்டு அது. "எத்தனை காலம்? எத்தனை காலம் இந்தக் கோணத் தீர்ப்பு? எளியவனுக்கு எப்பய்யா நியாயம் சொல்லப் போறீரு?" தினமும் அதே நாள், தினமும் அதே பாட்டு. கேட்கக் கேட்க ஊருக்கே பாடமாகிவிட்டது. மீன்காரி எடை குறைத்தால் "எத்தனை காலம்?" என்றார்கள். மாமியார் கஞ்சியில் தண்ணீர் ஊற்றினால் மருமகள் "எத்தனை காலம்?" என்றாள். துறைநாயகத்தின் பல்லக்குத் தூக்கிகள் மூச்சு வாங்குவதற்குக்கூட அந்தத் தாளத்தையே பிடித்துக்கொண்டார்கள். ஒருநாள் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது, சோறு கேட்டு அழுத அவன் மகனே இலையைத் தட்டி "எத்தனை காலம்?" என்றான்.

அவன் மூப்பரைக் கூப்பிட்டு, அந்தப் பாட்டையும் நிறுத்து என்றான். மூப்பர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நிறுத்திரலாம் நாயகமே. ஆனா அப்புறம் திங்கள்கிழமைக்குப் போயிருவோமோன்னு பயமா இருக்கு."

அவனுக்குப் புதன் வேண்டும். முத்துக்குளிப்புக்கு நாள் குறித்தது புதன்கிழமை. மன்னனுக்கு முத்து போகவில்லையென்றால் அவன் தலை போகும். பாட்டில் நோகிற அடிகளை விட்டுவிட்டு மற்றதைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடுங்கள் என்று இறங்கி வந்தான். மூப்பரும் அப்படியே பாடிப் பார்த்தார். புதன் வந்தது, மெய்யாகவே வந்தது. சேவல் புதன்கிழமை என்று கூவிற்று; நாவிதன் துள்ளி எழுந்து கத்தியைத் தேடினான்; அடுப்பில் கஞ்சி கொதிக்கு முன்னால் மறுபடியும் செவ்வாய். பாதிச் சவரத்தோடு எழுந்துபோன நாலு பேரை ஊர் நெடுநாள் கேலி பண்ணியது.

கடைசியில் அவன் சிப்போராளிடமே ஆள் அனுப்பினான், ஒரு தட்டு நிறையப் பொன்னோடு. உன் ஆளிடம் சொல்லி நல்லபடியாக ஒரு புதனைக் கொண்டுவரச் சொல் என்று. அவள் மீனைப் புரட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுன்னு போய்ச் சொல்லு. உங்க ஊரு பழமொழிதானே."

அப்படியே இருந்திருப்பாள். ஆயுசுக்கும் செவ்வாயிலேயே இருந்து, கல்யாணம் வேண்டாம், ஓய்வுநாள் வேண்டாம், அந்த ஓட்டை வழியாக அப்பமும் பேச்சும் போனால் போதும், அவர் நாக்கு அவர் வாயில் கிடந்தால் போதும் என்றே இருந்திருப்பாள். வலம்புரிக்கு வலி கண்டது.

வலி கண்டது, நிற்கவில்லை. பிள்ளையும் வரவில்லை. மருத்துவச்சி என்னென்னவோ பண்ணிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து கையைக் கழுவினாள். "பிள்ளை சரியாத்தான் இருக்கு. அதுக்கு நாள் வரலை" என்றாள். அந்த ஊரில் அப்போது அது ஒரு பெரிய செய்தி இல்லை; யாருக்கும்தான் நாள் வரவில்லை. ஆனால் சிப்போராள் குடிசைக்குள் போனபோது வலம்புரி அவள் கையைப் பிடித்த பிடி, எலும்பு நொறுங்குகிற பிடி.

"அக்கா, நாளைக்கு எப்ப வரும்? என்னால முடியலை அக்கா. நாளைக்கு எப்ப வரும்?"

சிப்போராள் மற்றக் கையால் அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். இந்தப் பெண்ணுக்காகத்தானே அன்றைக்கு ஜன்னல் வழியே அப்படிக் கத்தினோம். இப்போது நம்முடைய ஆளுக்காக இவளையே கொல்லுகிறோமே என்று வெட்கமாயிருந்தது, அழுகையாய் வந்தது, அவர்மேல் வைத்த ஆசையே ஒரு களவு மாதிரி உறுத்தியது. அழுதுகொண்டே கொட்டடிக்குப் போய் ஓட்டையில் முகத்தை வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

உள்ளே அவர் உப்பின் மேல் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு, "கூப்பிடு, புள்ள" என்றார் அசரியா. "புதனைக் கூப்பிடு. நீ பாடு, நான் உள்ளேயிருந்து ஏத்துக்கிடுறேன். எந்த அடியையும் விட்டுராதே."

சுங்கச் சாவடிக்கும் கொட்டடிக்கும் நடுவே மணலில் வலம்புரி புருஷனுடைய வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. சிப்போராள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் மேல் ஏறினாள். உச்சிக்கு முந்தின நேரம், சந்தை நிறைய ஜனம். காவல்காரன் ஈட்டியோடு ஓடிவந்தான்.

"ஏ பொம்பளை, அந்தப் பாட்டைப் பாடக்கூடாதுன்னு ஆணை!"

"யாரு பாடக்கூடாதுன்னு? எங்க தெரு ஆண்பிள்ளை எவனும் பாடக்கூடாது. நல்லாப் பாரு, என்னையப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?"

சந்தை சிரித்த சிரிப்பில் அவனுக்கு ஈட்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் கையை உயர்த்தி, சந்தைக்கும் கடலுக்கும் கேட்க, "இன்றைக்கு வாரத்தின் நாலாம் நாள்!" என்று சொன்னாள். ஆலயத்து மேடையில் எந்தப் பெண்ணும் நின்று சொன்னதில்லை. ஆனால் அங்கே மேடையும் இல்லை, ஆலயமும் இல்லை, ஒரு கவிழ்ந்த வள்ளம் இருந்தது, அது போதும். எபிரேயத்தில் ஒரு அடி, தமிழில் ஒரு அடி என்று எடுத்தாள். உள்ளேயிருந்து அசரியாவின் குரல் ஓட்டை வழியாக வந்து அவள் குரலைத் தாங்கியது. அஞ்சுவண்ணத் தெருப் பெண்கள் ஓடிவந்து ஏற்றுப் பாடினார்கள், அப்புறம் மீன்காரிகள், அப்புறம் தாடி வளர்ந்த பரவர்களும் குயவர்களும். கைம்பெண் என்ற இடத்தில் அவள் குரல் உடைந்தது, உடைந்த குரலோடே பாடினாள். காதைப் படைத்தவனுக்குக் கேட்காதா என்ற இடம் வந்தபோது, நாவிதன் கடையிலிருந்து சாணைக்கல்லில் கத்தி உரசுகிற சத்தம் கேட்டது. புதன் வந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே, பரவர் குடியிருப்பிலிருந்து பச்சைப்பிள்ளை வீலென்று கத்தினது.

ஒரே ஒரு அடி பாக்கி. மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த நேரம் பார்த்துத் துறைநாயகத்தின் பல்லக்கு வந்து இறங்கியது.

உள்ளதைச் சொல்லவேண்டும்: அவன் முட்டாள் இல்லை. முத்துக்குளிப்புப் படகுகள் கடலில் இறங்குவதைப் பார்த்தான், நாள் வந்துவிட்டதைப் பார்த்தான், அவள் நிறுத்தியிருப்பதையும் பார்த்தான்.

"மிச்சம் என்ன இருக்கு?" என்று கேட்டான்.

"ஒரு அடி இருக்கு."

"அதிலே என்ன இருக்கு?"

"உம்மைப் போல ஆளுங்க இருந்த இடம் தெரியாம அழிஞ்சுபோறது இருக்கு" என்றாள். "எங்க ஆலயம் எரிஞ்ச அன்னைக்கு எங்க ஆளுங்க இந்தப் பாட்டைத்தான் பாடிக்கிட்டு நின்னாங்களாம். இந்தக் கடைசி அடியைச் சொல்லுறதுக்குள்ள எதிரி உள்ளே வந்துட்டான். அன்னைக்குப் பாட முடியாம போன அடியை அதுக்கப்புறம் ஒவ்வொரு புதன்கிழமையும் பாடிக்கிட்டு வாறோம்."

கிழமையே ஒரு பாட்டுக்குக் கட்டுப்பட்டு நிற்பதைக் கண்ணால் கண்டவன் அவன். முகம் வெளுத்துவிட்டது. குரலைத் தாழ்த்தினான். "அந்த அடியை விட்டுவிடு. விட்டால் இப்பவே கொட்டடியைத் திறக்கிறேன். உன் ஆளைக் கூட்டிக்கொண்டு போ, நாக்கோடு. பாடினால், நாளைக்கு வியாழக்கிழமை."

வள்ளத்தின் மேல் நின்றவள் கொட்டடி ஓட்டையைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு அடி. ஒரே ஒரு அடியை விழுங்கிவிட்டால் அவர் இதோ வெளியே வந்துவிடுவார். சூரியன் உச்சியை விட்டு நகராமல் நின்றது. அந்த அடி இல்லாமல் அந்த நாளுக்குச் சாயங்காலம் கிடையாது என்று பார்த்தவுடனே தெரிந்தது. இருந்தால் என்ன, சாயங்காலம் இல்லாமல் வாழ முடியாதா? செவ்வாயிலேயே வாழ்ந்தவளுக்கு இது பெரிய காரியமா? அவள் இறங்கி, கொட்டடி ஓட்டையில் வாயை வைத்தாள்.

"கேட்டீரா?"

"கேட்டேன்."

"என்ன சொல்லுறீரு?"

"நாக்கு என்னோடது, அதை நான் குடுப்பேன். பாட்டு என்னோடது இல்லை, புள்ள. அதைக் குடுக்க எனக்கு உரிமை கிடையாது. இந்த அடியை வித்து வாங்கின நாக்கை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண, புளியங்கொட்டையா சப்ப?" என்றார். ஓட்டைக்கு இன்னும் கிட்டே வந்து, "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யி. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்" என்றார்.

அவள் திரும்ப வந்து வள்ளத்தின் மேல் ஏறினாள். துறைநாயகத்தை நேராகப் பார்த்தாள். "இத்தனை கடல் தாண்டி, இத்தனை பேரு வாயில வந்த அடி, சிப்போராள் வாயிலே வந்து செத்துப்போச்சுன்னு இருக்க வேண்டாம்" என்றாள். "இது பொய்யின்னா அதுவும் இன்னைக்கே தெரியட்டும்."

வாயைத் திறந்தாள், பயத்தில் குரல் வரவில்லை. அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் குரல் அந்தக் கடைசி அடியை எடுத்தது. முட்டி வீங்கின கால்களை இழுத்துக்கொண்டு, கும்பிட்ட கையைக் கீழே விட்டுவிட்டு, மூப்பர் ஏலியாக்கீம் பாடிக்கொண்டு வந்தார். ஆண்பிள்ளை. ஆணையை மீறின ஆண்பிள்ளை. சிப்போராளுக்குக் குரல் பிய்த்துக்கொண்டு வந்தது, உள்ளே அசரியா இடி மாதிரி எடுத்தார், ஊரே அந்த அடியைத் திரும்பத் திரும்பப் பாடியது, எபிரேயம் தெரிந்தவனும் தெரியாதவனும், அரபு மாலுமியும் அம்மன் கோயில் பூசாரியும். துறைநாயகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். தன்னைத் தடவிப் பார்த்துக்கொண்டு, சிரித்துவிட்டுப் பல்லக்கில் ஏறினான். சூரியன் மேற்கே சாய்ந்தது.

மறுநாள் விடியலில் அஞ்சுவண்ணத் தெரு சுங்கச் சாவடி வாசலிலேயே ஜெபத்தை நடத்தியது. அசரியாவைக் கொட்டடியிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பலகையும் கத்தியும் தயாராயிருந்தன. மூப்பர் சிப்போராளின் காதில் சொன்னார்: "மகளே, இன்னும் யாரும் நாளைச் சொல்லலை. சொல்லாம விட்டுருவோமா? புதனாவே இருக்கட்டும்."

"ஒரு நாளுக்குள்ள ஒளிஞ்சு பாத்தாச்சு, மூப்பரே. வலம்புரி சாகக் கிடந்தா" என்றாள் அவள். அவள் கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். அசரியா அவளைப் பார்த்தார். அவள் சரியென்று தலையை ஆட்டினாள். உப்புப் பூத்த தாடியோடு, கட்டின கையோடு, கத்திக்கு முன்னால் நின்று அசரியா தன் தண்டனை நாளைத் தானே கூப்பிட்டார்: "இன்றைக்கு வாரத்தின் ஐந்தாம் நாள்."

அந்த நாளின் பாட்டைத் தெரு ஏற்றுப் பாட, வியாழக்கிழமை வந்தது. முரசறைகிறவன் முன்னால் வந்தான். முரசை அடித்து, இன்னார் ஆணை என்று பேரைச் சொன்ன பிறகுதான் கத்தியைத் தொடலாம் என்பது துறையின் சட்டம். அடித்தான், வாயைத் திறந்தான், திறந்த வாய் திறந்தபடி நின்றது.

"யாரு ஆணை?" என்று கத்திக்காரன் கேட்டான்.

"அவருதாம்ப்பா. நம்ம... துறை..." என்று அவன் தலையைச் சொறிந்தான். காவல்காரனைப் பார்த்தான், அவனுக்கும் தெரியவில்லை. பல்லக்குத் தூக்கிகளுக்குத் தெரியவில்லை. சாவடித் தூணில் பொறித்திருந்த பேர் இருந்த இடத்தில் வழுவழுவென்று கல்தான் இருந்தது.

"நான்தான்டா! என் ஆணை!" என்று அவன் கத்தினான்.

"நீங்கதான்னு தெரியுதய்யா" என்றான் முரசறைகிறவன் பாவமாக. "ஆனா 'நான்' ஆணைன்னு முரசறைய முடியாதே. பேரைச் சொல்லுங்க."

அவன் பேரைச் சொல்ல வாயைத் திறந்தான். பிறகு மூடினான். சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், யாராவது சொல்லமாட்டார்களா என்று. அவன் பெண்சாதியைக் கூட்டிவரச் சொன்னான். அவள் வந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, முகம் தெரிகிறது என்றாள். கத்திக்காரன் கத்தியை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். நாவிதன்தான் வந்து அசரியாவின் கைக்கட்டை அறுத்துவிட்டான்.

மீன்காரிகள் யாரையும் கேட்காமல் வள்ளத்தைப் புரட்டி, தோள் கொடுத்துத் தண்ணீருக்குத் தள்ளினார்கள். வலம்புரியின் பிள்ளை பெண்பிள்ளை.

பேர் போனவன் சாவடிப் படியில் உட்கார்ந்திருந்தான். சிப்போராள் அவன் முன்னால் போய் நின்றாள். "உம்ம பேரைக் கேட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வராது, ஓய். ஆயுசுக்கும் மறக்காதுன்னு நெனைச்சேன்" என்றாள். "இன்னைக்கு எனக்குக் கல்யாணம். பசிச்சா வந்து சாப்பிட்டுப் போம். எங்க பந்தியிலே அந்நியனுக்கு எப்பவும் இலை உண்டு."

வந்தானா என்று கேட்பீர்கள். அன்றைக்குப் பந்தியில் பேர் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் உட்கார்ந்தார்கள், யார் கேட்டார்கள்? அசரியா எழுந்து நின்று வியாழக்கிழமைச் சங்கீதத்தை மறுபடியும் எடுத்தார். கடவுளுக்குச் சத்தமாகப் பாடுங்கள், மேளத்தைத் தட்டுங்கள், கொம்பை ஊதுங்கள் என்று தொடங்குகிற பாட்டு அது. சிப்போராள் அதற்குப் பொருள் சொல்லவில்லை, அன்றைக்கு அது யாருக்கும் தேவைப்படவில்லை. முனைக்காயல் தொண்டை கிழியப் பாடியது.